குப்பைக்குழியின் வரலாறு

இன்று யாரையாவது "குப்பை" என்று சொன்னால் சண்டைக்கு வந்துவிடுவார்கள். ஆனால் பழந்தமிழில் குப்பை என்றால் குவியல் என்று பொருள். நெல்லைக் குவித்தாலும் குப்பைதான், உப்பைக் குவித்தாலும் குப்பைதான். வயலுக்குப் போகும் எருவுக்கும் அதே பெயர். கிராமத்தில் "கொல்லைக்குக் குப்பை அடிச்சாச்சா?" என்று கேட்டால், எரு கொட்டியாகிவிட்டதா என்றுதான் இன்றும் அர்த்தம். நகரத்திலோ வேண்டாத பொருள் என்ற அர்த்தம் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. சொல் இப்படி மாறியதற்குப் பின்னால் நம் மண்ணின் கதையும் இருக்கிறது.

புழக்கடையில் பிறந்த உரம்

பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற விருத்தாசலத்துக்கு மேற்கே, கடலூர் மாவட்டத்தின் ஓரத்தில் இருப்பது மங்களூர் வட்டாரம். மழையை நம்பிப் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் மானாவாரி நிலம் இங்கே அதிகம். இப்படிப்பட்ட நிலத்தில் மட்கு குறைந்தால், பெய்த மழையின் ஈரம் மண்ணில் நிற்காது. எனவே எரு என்பது இங்கே வசதி அல்ல, அடுத்த வேளைச் சோறு.

தமிழகக் கிராமங்களில் மாடு வைத்திருந்த வீடுகளுக்கெல்லாம் ஒரு குப்பைக்குழி உண்டு. சாணம், மாடு தின்று கழித்த வைக்கோல், அடுப்புச் சாம்பல், வாசல் கூட்டிய சருகு, காய்கறித் தோல் எல்லாம் அதில் போகும். கோடையில் வண்டி கட்டி நிலத்துக்கு அடிப்பார்கள். பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்கும் கீரைக்கும் பாயும். குப்பைமேட்டில் தானாக முளைத்த பூசணி கூரை ஏறிக் காய்க்கும். வள்ளுவரும் உழவு அதிகாரத்தில் உழுவதை விட உரமிடுவதற்கே முதலிடம் கொடுத்திருக்கிறார் என்பது குறிப்பிடத்தக்கது.

விஞ்ஞானிகள் வந்தார்கள்

1889ல் ஆங்கிலேய அரசு வோல்கர் என்ற வேதியியல் நிபுணரை இந்திய விவசாயத்தை ஆராய அனுப்பியது. 1893ல் வெளியான அவரது அறிக்கை ஒரு முக்கியமான உண்மையைச் சொன்னது. விவசாயி சாணத்தை வறட்டியாக்கி எரிப்பது அறியாமையால் அல்ல, விறகு கிடைக்காததால்தான்.

1905ல் இந்தியாவுக்கு வந்தவர் ஆல்பர்ட் ஹோவார்ட். பீகாரின் பூசாவில் பணியாற்றிய பிறகு, 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்தார். கற்றுக்கொடுக்க வந்த அவர், இந்திய விவசாயிகளைக் கவனித்துத் தானே நிறையக் கற்றுக்கொண்டார். சீன உழவர்களைப் பற்றி அமெரிக்கரான கிங் எழுதி 1911ல் வெளியான புத்தகமும் அவருக்கு வழிகாட்டியது. இவற்றிலிருந்து உருவானதுதான் "இந்தூர் முறை". செடிக் கழிவு, சாணம், மாட்டு மூத்திரம் ஊறிய மண், சாம்பல் இவற்றை அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் காத்து, அவ்வப்போது கிளறிவிட்டால் சுமார் மூன்று மாதத்தில் உரம் தயார். 1931ல் யஷ்வந்த் வாத் என்ற இந்தியருடன் சேர்ந்து இதைப் புத்தகமாக வெளியிட்டார். 1935ல் காந்தியடிகள் இந்தூருக்கு நேரில் சென்று பார்த்தார். இன்று உலகம் பேசும் இயற்கை விவசாயத்துக்கு இந்தூரும் ஒரு தாய்வீடு!

1939ல் சி.என். ஆச்சார்யா "பெங்களூர் முறை"யைக் கொடுத்தார். ஊர்க் குப்பையையும் மனிதக் கழிவையும் குழியில் அடுக்கி மூடிவிட்டால், கிளறாமலே சில மாதங்களில் மட்கிவிடும். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அந்தக் கழிவைக் கையால் அள்ளும் வேலை சாதியின் பெயரால் சிலர் தலையில் மட்டுமே கட்டப்பட்டிருந்தது. அதைத் தடை செய்ய 1993லும் 2013லும் சட்டங்கள் வந்தன. உரம் எவ்வளவு நல்லதானாலும் அதற்கு மனித மானம் விலையாகக் கூடாது.

மூட்டை வந்தது, குழி தூர்ந்தது

1840ல் ஜெர்மானியரான லீபிக், பயிருக்குத் தேவை தாது உப்புகளே என்று எழுதினார். 1913ல் ஜெர்மனியில் காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து அம்மோனியா செய்யும் ஆலை வந்தது. 1960களில் பசுமைப் புரட்சியோடு யூரியா நம் ஊர்களுக்குள் நுழைந்தது. விருத்தாசலத்துக்குப் பக்கத்திலேயே, நெய்வேலியில் ஒரு யூரியா ஆலை இயங்கிப் பிறகு மூடப்பட்டது.

இதில் விவசாயியைக் குறை சொல்ல முடியாது. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து இருக்கிறது. மட்கிய உரத்திலோ சுமார் ஒரு சதவீதம்தான். பத்து வண்டி குப்பை அடிப்பதற்குப் பதில் ஒரு மூட்டை போதும் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? பசியில் இருந்த நாட்டுக்கு அது சோறு போட்டது. ஆனால் மண்ணைப் பொலபொலப்பாக்கி ஈரத்தைப் பிடித்து வைக்கும் கரிமச்சத்தை யூரியா தருவதில்லை. டிராக்டர் வந்தது, மாடு குறைந்தது, குப்பைக்குழியும் தூர்ந்தது. அதே காலத்தில் பிளாஸ்டிக்கும் வந்து சேர்ந்தது. வெறும் தோலும் சருகுமாக இருந்தவரை உரமான குப்பை, பிளாஸ்டிக் கலந்த பிறகு தெருவோரத்தில் புகையாகிறது. இதைத்தான் நம்மாழ்வார் (1938-2013) ஊர் ஊராகப் போய் எடுத்துச் சொன்னார். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளும் மட்கும் குப்பையை வீட்டிலேயே பிரிக்கச் சொல்லின.

மீண்டும் ஒரு குழி

வீட்டுத் தோட்டத்துக்கு இந்தூர் முறையைச் சிறிய அளவில் செய்வது மிக எளிது. அடியில் ஓட்டை போட்ட ஒரு பழைய பானை அல்லது டிரம் போதும். ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த சருகு, நடுவே கொஞ்சம் சாணம் அல்லது பழைய உரம். பிழிந்த துணி அளவுக்கு ஈரம் இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை கிளற வேண்டும். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், சருகு சேர்க்கவும். மட்காமல் அப்படியே கிடந்தால் ஈரம் குறைவு, தண்ணீர் தெளிக்கவும். இரண்டு மூன்று மாதத்தில் மழை பெய்த மண் போல வாசம் வரும். அதுதான் பதம். கத்தரி, வெண்டை, கீரை எதற்கும் போடலாம்.

ஒரு பானை உரத்தால் நாட்டின் யூரியா தேவை குறைந்துவிடாது. ஆனால் ஒரு வீட்டின் வாழைப்பழத் தோல் தெருவில் எரியாமல் அவரைப் பந்தலுக்குப் போய்ச் சேரும். ஒரு காலத்தில் வீட்டுக்குச் சொத்தாக இருந்த குப்பையை நாம்தான் கழிவாக்கினோம். அதை மறுபடி எருவாக்குவதும் நம் கையில்தான் இருக்கிறது.