ஒரு கட்டமும் சில வியர்வைத் துளிகளும்

வீரம் என்றதும் சித்திரக்கதை வாசகரின் மனத்தில் எழுவது ஓங்கிய முஷ்டியும் காற்றில் பறக்கும் மேலங்கியும்தான். நாமும் அவற்றைப் படித்து வளர்ந்தவர்களே. அவற்றைக் குறைத்துச் சொல்வது நம் நோக்கமன்று. ஆயினும் அமெரிக்கக் காமிக்ஸ் வரலாற்றில் அடிபணிய மறுத்த கணம் எது என்று கேட்டால், யாரும் யாரையும் அடிக்காத ஒரு கதையின் கடைசிக் கட்டத்தையே முதலில் சுட்டுவோம். அதில் ஒரு மனிதர் தம் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார். அவ்வளவே.

'தீர்ப்பு நாள்' என்று பொருள்படும் 'ஜட்ஜ்மென்ட் டே' 1953-இல், இ.சி. நிறுவனத்தின் 'வியர்ட் ஃபான்டஸி' 18-ஆம் இதழில் வெளிவந்தது. எழுதியவர் ஆல் ஃபெல்ட்ஸ்டீன். வரைந்தவர் ஜோ ஆர்லாண்டோ. ஏழே பக்கங்கள். இயந்திர மனிதர்கள் வாழும் சைப்ரீனியா என்ற கோளுக்குப் பூமியிலிருந்து டார்ல்டன் என்னும் பிரதிநிதி வருகிறார். விண்மீன் குடியரசில் சேர அக்கோளுக்குத் தகுதி உண்டா என்று ஆராய்வது அவர் பணி. ஆரஞ்சு நிற இயந்திரங்கள் தங்கள் நகரத்தையும் ஆட்சிமுறையையும் பெருமையுடன் சுற்றிக் காட்டுகின்றன. நீல நிறத்தவர் எங்கே என்று அவர் கேட்கிறார். அவர்கள் நகரின் வேறொரு பகுதியில் இருக்கிறார்கள். பேருந்தில் பின்புறம்தான் அமர வேண்டும். அவர்களுக்கு ஊட்டப்படும் கல்வியும் வேறு. தொழிற்சாலையில் பார்த்தாலோ இரு சாராருக்கும் உள்ளுறுப்புகள் ஒன்றே. மேலே போர்த்தும் உறையின் நிறம் மட்டுமே வேறு. சைப்ரீனியா இன்னும் தகுதி பெறவில்லை என்று தீர்ப்புக் கூறிவிட்டு, ஒரு காலத்தில் பூமியும் இப்படித்தான் இருந்தது, ஆகவே நம்பிக்கை இழக்க வேண்டாம் என்ற ஆறுதலோடு டார்ல்டன் விடைபெறுகிறார். கலம் கிளம்பிய பிறகு தலைக்கவசம் கழல்கிறது. உள்ளே இருப்பவர் கறுப்பினத்தவர். அவர் முகத்து வியர்வைத் துளிகள் தொலைதூர விண்மீன்கள்போல மினுங்குகின்றன.

கலையாக எடைபோட்டால் இது குறையற்ற கதை அன்று. உருவகம் பட்டவர்த்தனமானது, ஃபெல்ட்ஸ்டீனின் வழக்கப்படி எழுத்துகள் படங்களை நெருக்கித் தள்ளுகின்றன. ஆனால் அந்தத் தலைக்கவசம் ஒரு பொறி. ஏழு பக்கமும் டார்ல்டனுடன் நடந்த அன்றைய வெள்ளை வாசகர், கவசத்துக்குள் தம்மைப் போன்ற ஒரு முகத்தைத் தாமாகவே பொருத்தி வைத்திருப்பார். தீர்ப்பு சைப்ரீனியாவோடு முடிந்துவிட்டதாக அவர் எண்ணும் வேளையில் அது அவர் பக்கம் திரும்புகிறது. ரே பிராட்பரி இக்கதையைப் பாராட்டிக் கடிதம் எழுதினார்.

இ.சி.யின் உரிமையாளர் வில்லியம் கெய்ன்ஸ் அறநூலிலிருந்து இறங்கி வந்தவரல்லர். தந்தை மாக்ஸ் கெய்ன்ஸ் விவிலியக் கதைகளைப் படக்கதைகளாக வெளியிட்டவர். 1947-இல் படகு விபத்தில் அவர் இறக்க, வேதியியல் ஆசிரியராகும் எண்ணத்தில் இருந்த மகன் 25 வயதில் நிறுவனத்தை ஏற்றார். ஏற்றபின் அவர் விற்றவற்றில் வெட்டுண்ட தலைகளும் அழுகிய பிணங்களும் ஏராளம்.

அவைதான் அவரை 1954 ஏப்ரல் 21-ஆம் தேதி நியூயார்க்கில் அமெரிக்க செனட் துணைக்குழுவின் முன் கொண்டு நிறுத்தின. துண்டித்த தலையைத் தூக்கிப் பிடித்த ஓர் அட்டைப்படத்தைக் காட்டி, இது நல்ல ரசனையா என்று கேட்டார் செனட்டர் கெஃபாவர். பயங்கரக் கதை இதழின் அட்டைக்கு நல்ல ரசனைதான், தலையை இன்னும் சற்று உயர்த்தி இரத்தம் சொட்டுவதைக் காட்டியிருந்தால்தான் கெட்ட ரசனை என்ற பொருளில் கெய்ன்ஸ் பதில் சொன்னார். அன்று அவர் தோற்றார். துணிச்சலாகச் சொன்ன பதில்தான். ஆனால் தற்காத்துக்கொள்ள எடுத்த பொருள் அவர் கையைவிட்டு நழுவிவிட்டது.

அதே நாள் அதே அவையில் காமிக்ஸுக்கு எதிராகச் சாட்சி சொன்னவர் மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தாம். காமிக்ஸ் அன்பர்கள் இவரை வில்லனாக்கிப் பேசுவது வழக்கம். நமக்கு அதில் முழு உடன்பாடில்லை. கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹார்லெமில் குறைந்த கட்டணத்தில் மனநல மருத்துவமனை நடத்தியவர் அவர். நிறப் பிரிவினை குழந்தைகளின் மனத்தைப் புண்படுத்துகிறது என்று அவர் அளித்த சாட்சியம், 1954 மே மாதத்தில் வந்த பள்ளிப் பிரிவினைத் தீர்ப்போடு இணைந்த வழக்குகளுள் ஒன்றில் பயன்பட்டது. இனவெறியைப் பொறுத்தவரை கெய்ன்ஸும் வெர்தாமும் ஒரே பக்கத்தில் நின்றவர்கள். வரலாறு இப்படித்தான் ஆட்களைத் தவறான நாற்காலிகளில் உட்கார வைக்கிறது.

விசாரணைக்குப் பின் பதிப்பாளர்களே கூடி 1954-இன் இறுதியில் காமிக்ஸ் நெறிமுறைக் குழுமத்தை ஏற்படுத்தினார்கள். நியூயார்க் மாஜிஸ்திரேட்டாக இருந்த சார்ல்ஸ் மர்ஃபி அதன் பொறுப்பாளர். குழுமத்தின் முத்திரை இல்லாத இதழ்களை மொத்த விநியோகஸ்தர்கள் கட்டைக்கூடப் பிரிக்காமல் திருப்பி அனுப்பினார்கள். கெய்ன்ஸ் முதலில் சேர மறுத்தார். பின்னர் வேறு வழியின்றிச் சேர்ந்தார்.

'இன்க்ரெடிபிள் சயன்ஸ் ஃபிக்‌ஷன்' 33-ஆம் இதழுக்காக ஏஞ்சலோ டாரஸ் வரைந்த ஒரு கதையைக் குழுமம் நிராகரித்தது. அந்த இடத்தை நிரப்ப 'ஜட்ஜ்மென்ட் டே'யை மறுபதிப்பாக அனுப்பினார்கள். கடைசிக் கட்டத்து மனிதர் கறுப்பினத்தவராக இருக்கக் கூடாது என்றார் மர்ஃபி. கதையின் உயிரே அதுதானே என்று ஃபெல்ட்ஸ்டீன் வாதிட்டார். நெறிமுறையின் எந்த விதியும் அந்த முகத்தைத் தடுக்கவில்லை. மாறாக, எந்த இனத்தையும் தாக்கவோ ஏளனம் செய்யவோ கூடாது என்றே அதில் எழுதியிருந்தது. பத்திரிகையாளர்களைக் கூட்டி எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன் என்று கெய்ன்ஸ் மிரட்டினார். மர்ஃபி இறங்கி வந்தார்: சரி, அந்த வியர்வையையாவது எடுத்துவிடுங்கள். கெய்ன்ஸ் அச்சில் ஏற்ற முடியாத ஒரு வசைச்சொல்லை உதிர்த்துவிட்டுத் தொலைபேசியை வைத்தார். இருவரும் பின்னாளில் சொன்ன நினைவுகளிலிருந்தே இச்சம்பவம் நமக்குக் கிடைக்கிறது. சிறு விவரங்கள் மாறினாலும் சாரம் மாறவில்லை.

முகத்தை விட்டுக்கொடுத்த தணிக்கையாளர் வியர்வையை ஏன் கேட்டார் என்று நாம் பலமுறை யோசித்ததுண்டு. தோற்றுத் திரும்பும்போது எதையாவது பிடுங்கிக்கொண்டு போனால்தான் அதிகாரம் அதிகாரமாக இருக்கும். ஆனால் கேட்டது அற்பப் பொருளன்று. இயந்திரங்களுக்கு வியர்ப்பதில்லை. நிறம் பூசிய உலோகங்களுக்கு நடுவே நாளெல்லாம் கவசத்துக்குள் புழுங்கிய ஓர் உடல் அங்கே இருக்கிறது என்பதற்கு அத்துளிகளே சாட்சி. அவற்றைத் துடைத்திருந்தால் டார்ல்டனும் இன்னொரு நிறம் பூசிய உருவமாகியிருப்பார்.

கதை ஒரு கோடுகூட மாறாமல் அச்சேறியது. இதழின் அட்டையில் இருந்த தேதி 1956 ஜனவரி-பிப்ரவரி. அதே மாதங்களில் அலபாமாவின் மாண்ட்கோமரி நகரில் கறுப்பின மக்கள் பேருந்துகளைப் புறக்கணித்து நடந்தே வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அதுவே இ.சி. வெளியிட்ட கடைசிக் காமிக்ஸ் இதழ். கெய்ன்ஸிடம் எஞ்சியது 'மேட்' மட்டுமே. 1955-இலேயே பருவ இதழ் வடிவுக்கு மாறியிருந்ததால் அது குழுமத்தின் கைக்கு அகப்படவில்லை.

அந்த முத்திரைக்கு அதன்பின் நீண்ட ஆயுள். 1971-இல் ஸ்பைடர்-மேன் இதழ்கள் மூன்றை முத்திரையின்றியே வெளியிட்டது மார்வெல். 2001-இல் முற்றிலுமாக விலகியது. கடைசியாக எஞ்சிய டி.சி.யும் ஆர்ச்சியும் 2011 ஜனவரியில் கைவிட்டன. அதே ஆண்டு செப்டம்பரில் முத்திரையின் உரிமை, காமிக்ஸ் படைப்பாளிகளின் கருத்துரிமைக்காக வழக்காடும் நிதியமைப்பு ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தது.