ஏறு பாதையும் இறங்கு பாதையும்



மரத்திலிருந்து விழுந்த ஓர் ஆளைப் பற்றி நம் தோட்டத்து லயங்களில் எப்படிப் பேசுவார்கள்? “முதுகெலும்பு முறிஞ்சு போச்சு, இனிமே அவ்வளவுதான்” என்பார்கள். கை எலும்பு முறிந்தவன் சில மாதங்களில் மறுபடியும் பால் வெட்டப் போகிறான். முதுகெலும்பு முறிந்தவர்களிலும் சிலர் எழுந்து நடக்கிறார்கள். வேறு சிலருக்கோ இடுப்புக்குக் கீழே ஒன்றுமே தெரிவதில்லை, காலும் அசைவதில்லை. ஏன் இந்த வேற்றுமை? இதற்கு விடை காண மனிதகுலத்துக்கு மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. அந்த வரலாறு எகிப்தில் தொடங்கி, நம் தமிழ்நாட்டு வேலூர் வழியாக, இந்த மலாக்கா வரைக்கும் வருகிறது.

முதலில் உடம்பைப் பார்ப்போம். முதுகெலும்பு என்பது ஒரே எலும்பன்று. கோத்த மணிகள்போல் அடுக்கிய பல எலும்புகள். அவற்றின் நடுத் துவாரத்தின் வழியே மூளையிலிருந்து ஒரு வடம் இறங்குகிறது. அதற்குத் தண்டுவடம் என்று பெயர். சுண்டுவிரல் பருமன், ஏறக்குறைய ஒன்றரை அடி நீளம், அவ்வளவே! அதிலிருந்து 31 இணை நரம்புகள் பிரிந்து கைக்கும் காலுக்கும் வயிற்றுக்கும் போகின்றன.

பழைய நாள் தோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மரத்தடியில் நடந்த சேதி தொழிலாளியிடமிருந்து மண்டோருக்கும், மண்டோரிடமிருந்து கிராணிக்கும், கிராணியிடமிருந்து துரைக்கும் ஏறும். துரையின் உத்தரவு அதே படிகளில் இறங்கிப் பெரட்டுக்களத்துக்கு வரும். தண்டுவடத்திலும் இப்படித்தான். ‘சுடுகிறது’, ‘வலிக்கிறது’, ‘கால் மடங்கியிருக்கிறது’ என்ற சேதிகள் ஏறு பாதைகளில் மூளைக்குப் போகின்றன. ‘நட’, ‘பிடி’ என்ற உத்தரவுகள் இறங்கு பாதைகளில் வருகின்றன. ஆனால் தோட்டத்தில் சேதியும் உத்தரவும் ஒரே மண்டோரின் வாய்வழியாகப் போகும். தண்டுவடத்திலோ ஏறுவதற்கு வேறு இழைகள், இறங்குவதற்கு வேறு இழைகள். எல்லாம் ஒருவழிச் சாலைகள். (சுடுசட்டியைத் தொட்ட கை நாம் நினைப்பதற்கு முன்பே பின்னுக்கு வந்துவிடுகிறதல்லவா? அது தண்டுவடம் தன் சொந்தப் பொறுப்பில் செய்கிற காரியம். துரையைக் கேளாமல் மண்டோரே முடிவெடுப்பது போல!)

எகிப்து நாட்டில் ஏறக்குறைய 3,600 ஆண்டுகளுக்கு முன் படியெடுக்கப்பட்ட ஒரு மருத்துவச் சுவடி கிடைத்திருக்கிறது. கழுத்தெலும்பு விலகியவனுக்குக் கையும் காலும் இருப்பதே தெரியாது என்று அது சரியாகவே சொல்கிறது. ஆனால் இது மருத்துவம் செய்யத்தகாத நோய் என்று அதோடு விட்டுவிடுகிறது. நம் லயத்துப் பேச்சும் அதேதான்! கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் காலன் என்ற மருத்துவர், விலங்குகளின் தண்டுவடத்தை வெவ்வேறு உயரத்தில் அறுத்துப் பார்த்தார். அறுத்த இடத்துக்குக் கீழே உள்ளதெல்லாம் செயலிழந்தது. மேலே உள்ளது பிழைத்தது. அதற்குப் பின் பல நூற்றாண்டுகள் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1811-இல் ஸ்காட்லாந்துக்காரரான சார்லஸ் பெல்லும், 1822-இல் பிரான்சின் மஜெந்தியும் செய்த சோதனைகளால் ஓர் உண்மை வெளிவந்தது: தண்டுவடத்தின் முன்பக்க வேர்கள் அசைவுக்கு, பின்பக்க வேர்கள் உணர்வுக்கு. யார் முதலில் கண்டது என்று அவர்களுக்குள் பெரிய வழக்கு. அதை நாம் தீர்க்க வேண்டியதில்லை.

நமக்கு நெருக்கமானவர் அடுத்து வருகிறார். 1817-இல் மொரிஷியஸ் தீவின் போர்ட் லூயி நகரில் பிறந்த பிரவுன்-செகார். கரும்புத் தோட்டங்களில் பாடுபட நம்மவர்கள் கப்பலேறிப் போன தீவு அது. இன்றும் அங்கே தைப்பூசக் காவடி உண்டு. கடலோடியான தகப்பனை அவர் கண்டதே இல்லை. தாய் தைத்துப் பிழைத்து வளர்த்தாள். பாரிசுக்குப் போய் மருத்துவம் படித்த அந்தப் பிள்ளை, தண்டுவடத்தை முழுவதும் அறுக்காமல் ஒரு பாதியை மட்டும் அறுத்தால் என்ன ஆகும் என்று ஆராய்ந்தார்.

விடை விந்தையானது. வலப்பாதி அறுபட்டால் வலக்கால் அசையாது. ஆனால் வலியும் சூடும் தெரியாமல் போவதோ இடக்காலில்! காரணம் என்ன? வலியையும் சூட்டையும் கொண்டுபோகும் இழைகள் தண்டுவடத்துக்குள் நுழைந்தவுடனேயே மறுபக்கம் கடந்து, பிறகு ஏறுகின்றன. அசைவு உத்தரவைக் கொண்டுவரும் இழைகளில் பெரும்பாலானவை மேலே, மூளையின் அடித்தண்டிலேயே பக்கம் மாறிவிட்டு, நேரே இறங்குகின்றன. கத்திக்குத்துப் பட்டவர்களிடம் மருத்துவர்கள் இன்றும் இந்த அடையாளத்தைப் பார்த்து, எந்தப் பக்கம் காயம் என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த நோய்க்குறிக்கு அவர் பெயரே வழங்குகிறது. 1854-இல் மொரிஷியசில் காலரா பரவியபோது ஊருக்குத் திரும்பி நோயாளிகளைக் கவனித்தவரும் அவரே. அவர் காலமானது 1894-இல். அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் நம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன!

இங்கே பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. எலும்பு முறிந்தும் வடம் அறுபடாமல் இருக்கலாம். அப்படிப்பட்டவரைத் தோளில் ஒருவர், காலில் ஒருவர் பிடித்து மடக்கித் தூக்கினால், உடைந்த எலும்பே வடத்தை நசுக்கிவிடும். விழுந்தவரை அசைக்காதீர்கள். தலையும் கழுத்தும் உடம்பும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கட்டும். 999-க்கு அழைத்து ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருங்கள். அவசரப்பட்டு லாரியில் ஏற்றுவது உதவியன்று.

சரி, பாதைகள் எல்லாம் தெரிந்துவிட்டன, நோயாளி பிழைத்தானா? இல்லை! முதல் உலகப் போரில் தண்டுவடம் அறுபட்ட வீரர்களில் பெரும்பாலோர் சில ஆண்டுகளுக்குள் மாண்டார்கள். அவர்களைக் கொன்றது அறுபட்ட வடமன்று; படுக்கைப் புண்ணும் சிறுநீரில் புகுந்த கிருமியும். நீங்களும் நானும் தூக்கத்தில் எத்தனை தடவை புரண்டு படுக்கிறோம்! உடம்பு அழுந்தி நோகிறது என்ற சேதி ஏறு பாதையில் போவதால்தான் புரள்கிறோம். அந்தப் பாதை அறுபட்டவனுக்குச் சேதியே போகாது. சேதி போனாலும் புரளும் உத்தரவு இறங்காது. ஒரே இடம் அழுந்தி, இரத்த ஓட்டம் நின்று, சதை அழுகிவிடும். ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூத மருத்துவர் குட்மன், 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் செய்தது மிக எளிய காரியம். இரவும் பகலும் இரண்டு மணிக்கு ஒரு தடவை நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்கச் சொன்னார். சாவுகள் குறைந்தன. 1948-இல் அங்கே சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேர் வில்வித்தைப் போட்டியில் இறங்கினார்கள். இன்றைய பாராலிம்பிக் விளையாட்டின் தொடக்கம் அதுதான்.

வலி தெரியாமைதான் கேடு என்பதைத் தமிழ் மண்ணில் கண்டுகொண்டவர் பால் பிராண்ட். 1914-இல் கொல்லிமலையில் பிறந்த வெள்ளைக்காரப் பிள்ளை. 1946-இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளியின் விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்றே அக்காலத்தில் நம்பினார்கள். நம் நாட்டில் 1930-இல் சுங்கை பூலோவில் தனிக் குடியேற்றம் அமைத்ததும் அந்த நோயின்மேல் இருந்த அச்சத்தால்தான். பிராண்ட் கவனித்துப் பார்த்தார். நோய், கை கால் நரம்புகளைக் கெடுக்கிறது. சேதி தண்டுவடத்துக்கே வந்து சேர்வதில்லை. சுட்டாலும் தெரியாது, முள் குத்தினாலும் தெரியாது. விரல்கள் இப்படித்தான் போகின்றன என்று கண்டார்.

அதே வேலூரில் வேலை பார்த்த இளம் மருத்துவர் மேரி வர்கீஸ். கொச்சிப் பக்கத்துக்காரர். 1954 ஜனவரியில் கார் விபத்தில் அவருடைய தண்டுவடம் அறுபட்டது. கால்கள் போயின. “கை இருக்கிறது, மூளை இருக்கிறது, பிறகென்ன?” என்பதுபோல் பிராண்ட் அவரை அறுவை அறைக்கு வரச்சொன்னார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுத்துச் சரிசெய்தார் அந்த அம்மையார். பிறகு ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அந்தத் துறைக்கே தலைவரானார். 1966-இல் நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் அங்கே திறக்கப்பட்டது. மரத்திலிருந்து விழுந்தவர்களும் கிணற்றில் விழுந்தவர்களும் அங்கே வந்தார்கள். “இனிமே அவ்வளவுதான்” என்று கேட்டு வந்தவர்களுக்கு, தானும் நடக்க முடியாத ஒரு டாக்டரம்மா நாற்காலியில் எதிரே வந்து நின்றால் எப்படியிருந்திருக்கும்! 1972-இல் பத்மஸ்ரீ பெற்றார், 1986-இல் காலமானார்.

அறுபட்ட வடத்தை மீண்டும் ஒட்டும் மருத்துவம் இன்றுவரை கைகூடவில்லை. ஆனால் எஞ்சியதைக் கொண்டு வாழப் பயிற்றும் இடம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 1971-இல் செயல்படத் தொடங்கிய சொக்சோ நிறுவனம், 2014-இல் மலாக்காவில் துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையத்தைத் திறந்தது. விபத்தில் அடிபட்ட தொழிலாளர்கள் அங்கே தங்கி, உடற்பயிற்சியும் தொழிற்பயிற்சியும் பெறுகிறார்கள். அதற்குச் சொக்சோவில் பதிவு வேண்டும். குத்தகைக்காரரிடம் வேலை பார்க்கிறவர்கள் இந்த மாதச் சம்பளச் சீட்டை எடுத்து, சொக்சோ சந்தா பிடித்திருக்கிறார்களா என்று பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.