மஜ்ரீத் கோட்டைச் சுவர்

ஸ்பெயின் நாட்டின் தலைநகராம் மாட்ரிட்டைக் காணச் செல்வோர் அரச மாளிகையையும், அதன் அருகே நிற்கும் அல்முதேனா பேராலயத்தையும் கண்டு வியப்பர். ஆலயத்தை அடுத்த சரிவில் ஒரு சிறு பூங்கா உண்டு. அங்கே சக்கிமுக்கிக் கல்லும் சுண்ணாம்புக் கல்லும் கொண்டு எழுப்பிய பழஞ்சுவர் ஒன்று நிற்கிறது. அந்நகரின் பிறப்புச் சான்று அதுவே.

குர்துபாவிலிருந்து ஆண்ட உமையா அமீர் முதலாம் முஹம்மத் (ஆட்சி 852–886), துலைதுலா எனும் டோலிடோவுக்கு வடக்கே, மன்ஸனாரெஸ் ஆற்றங்கரை மேட்டில் ஒரு காவற்கோட்டை அமைத்தார். வடபுல அரசர்களின் படையெடுப்பைத் தடுப்பது அதன் நோக்கம். மஜ்ரீத் என்பது அவ்வூரின் பெயர். நீரோடும் வழியைக் குறிக்கும் ‘மஜ்ரா’ என்ற அரபுச் சொல்லோடு அதனை இணைப்பர் அறிஞர் பலர். இலத்தீன் வழிவந்த சொல் என்பாரும் உளர்.

அவ்வூரின் பெயரைத் தம் பெயரோடு தாங்கியவர் வானியல் அறிஞர் மஸ்லமா அல்மஜ்ரீதி. குர்துபாவில் வாழ்ந்து 1007 அளவில் மறைந்த அவர், குவாரிஸ்மியின் வானியல் அட்டவணையை ஹிஜ்ரி ஆண்டுக்கும் குர்துபாவின் நெடுவரைக்கும் ஏற்பத் திருத்தினார். இங்கிலாந்தின் அதலார்டு 1126இல் அதனை இலத்தீனில் பெயர்த்தார். குவாரிஸ்மியின் அரபு மூலம் இன்று நம்மிடம் இல்லை. அந்த இலத்தீன் பெயர்ப்பே எஞ்சியுள்ளது!

1085இல் ஆறாம் அல்ஃபோன்ஸோ துலைதுலாவைக் கைப்பற்றினார். அக்காலத்திலேயே மஜ்ரீதும் அவர் வசமாயிற்று. அங்கே தங்கிய முஸ்லிம்கள் பல தலைமுறை வாழ்ந்தனர். 1502இல் மதம் மாறுக, அல்லது வெளியேறுக என்ற ஆணை பிறந்தது. மாறியோரின் வழித்தோன்றல்களும் 1609 முதல் 1614 வரை நாடு கடத்தப்பட்டனர். இதனிடையே, 1561இல் இரண்டாம் பிலிப் தம் அரசவையை மாட்ரிட்டுக்கு மாற்றினார். கோட்டை இருந்த இடத்து அரண்மனை 1734இல் எரிந்து போக, அங்கேயே இன்றைய மாளிகை எழுந்தது.

மக்களை அகற்றியவர்களால் பெயரை அகற்ற இயலவில்லை. 1993இல் திருநிலைப்படுத்தப்பட்ட பேராலயத்தின் பெயரே ‘அல்முதைனா’ என்ற அரபுச் சொல்லின் திரிபன்றோ? உட்கோட்டை என்பது அதன் பொருள். சுவரை ஒட்டிய பூங்காவும் இன்று அமீர் முஹம்மதின் பெயரையே தாங்கி நிற்கிறது. அச்சுவரை 1954இல் வரலாற்றுச் சின்னமாக அறிவித்ததும் ஸ்பெயின் நாட்டவரே.

சுவரைக் காத்தவர் பிறர். நூலைக் காத்தவரும் பிறர். அவர்களுக்கு நன்றி கூறுவது நம் கடன். எஞ்சியதையேனும் அறிந்துகொள்வது அதனினும் பெரிய கடன். மாட்ரிட் செல்லும் அன்பர்கள் மாளிகைக்கு ஒதுக்கும் பொழுதில் ஒரு நாழிகையை அச்சுவருக்கும் ஒதுக்குவார்களாக.