பாகற்காய்: உணவா, மருந்தா?

சர்க்கரை நோயாளிகள் உள்ள வீடுகளில் பாகற்காய்க்குத் தனி இடம் உண்டு. ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

100 கிராம் பச்சைப் பாகற்காயில் சுமார் 17 கலோரிகளே உள்ளன. வைட்டமின் சி சுமார் 84 மில்லிகிராம், நார்ச்சத்தும் உண்டு. இதிலுள்ள சாரன்டின், இன்சுலினை ஒத்த பாலிபெப்டைடு-பி ஆகியவை இரத்தச் சர்க்கரையைக் குறைக்க உதவுவதாகக் கருதப்படுகிறது.

தாய்லாந்தில் நடந்து 2011-ல் வெளியான ஆய்வில், 4 வாரங்கள் தினமும் 2000 மில்லிகிராம் பாகற்காய்ப் பொடி எடுத்தவர்களுக்குச் சர்க்கரை ஓரளவு குறைந்தது. ஆனால் 1000 மில்லிகிராம் மெட்ஃபார்மின் மாத்திரையின் பலன் அதைவிட அதிகம். 2012-ல் காக்ரேன் அமைப்பு, 479 பேர் பங்கேற்ற 4 ஆய்வுகளைப் பரிசீலித்து, இதை மருந்தாகப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றது.

ஆகவே பாகற்காயை நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது. மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் அதன் சாற்றையும் குடித்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். ரமலானில் ஸஹர் நேரத்தில் இப்படிச் செய்வது இன்னும் ஆபத்து. நோன்பின்போது நடுக்கம், வியர்வை, மயக்கம் வந்தால் உடனே பரிசோதியுங்கள். சர்க்கரை 70-க்குக் கீழ் இருந்தால் நோன்பை விட்டுவிடுமாறு மருத்துவர்கள் கூறுகின்றனர். நோயாளிக்கு மார்க்கம் இச்சலுகையை வழங்கியுள்ளது. விட்ட நோன்பைப் பிறகு நோற்கலாம்.

கர்ப்பிணிகள் பாகற்காய்ச் சாறு, மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும். ஜி6பிடி குறைபாடு உள்ளவர்கள் விதையை உண்ணக் கூடாது.

பொரியலாகவோ குழம்பாகவோ தாராளமாகச் சாப்பிடுங்கள். மருந்தை மாற்றுவதை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.