மழைத் துடைப்பானின் வரலாறு

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் நெடுஞ்சாலை அக்குறணையையும் அலவத்துகொடவையும் கடந்து, பலகடுவ மலைவழியில் வளைந்து வளைந்து ஏறுகின்றது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அவ்வழியே செல்லும் சாரதிக்கு உயிர்த்துணையாவது, முன்கண்ணாடியில் அசையும் சிறியதோர் இறப்பர்ப் பட்டையாகும்.

இக்கருவிக்கு 1903ஆம் ஆண்டு நவம்பர் 10ஆந் தேதி ஆக்கவுரிமை பெற்றவர் மேரி அண்டர்சன் என்னும் அமெரிக்கப் பெண்மணி. நியூயோர்க் நகரிலே, பனி மூடிய கண்ணாடியால் டிராம் ஓட்டுநர் படும் பாட்டைக் கண்ட அவர், வண்டிக்குள் இருந்தவாறே நெம்புகோலால் இயக்கும் துடைப்பானை வகுத்தார். கனடா நாட்டு நிறுவனமொன்று, அதிலே வணிகப் பயன் இல்லையெனக் கூறி 1905இல் அதனை வாங்க மறுத்தது. அவரது உரிமைக்காலம் கழிந்த பின்னரே, 1922இல் கடிலாக் கார்களில் துடைப்பான் வழக்கமான உறுப்பாயிற்று.

பின்னர் கையின் வேலையை இயந்திரம் ஏற்றது. பல கார்களில், என்ஜின் காற்றை உறிஞ்சும் விசையே துடைப்பானை இயக்கிற்று. ஏற்றத்தில் சாரதி எக்சிலரேற்றரை அழுத்த, அவ்வுறிஞ்சல் குன்றும், துடைப்பானும் தளரும். 1950களின் போர்ட் அங்கிலியா, பிரிபெக்ட் கார்களிலும் இக்குறை இருந்தது. பார்வை மிக வேண்டிய மலையேற்றத்திலேயே துடைப்பான் ஓய்வதாயின், அஃது எத்தகைய இடர்! மின்மோட்டார் பரவிய பின்பே அக்குறை தீர்ந்தது.

எனினும் கண்ணாடியைத் தொடுவது இன்றும் அந்த இறப்பர்ப் பட்டையே. வெயிலில் அது இறுகி வெடிக்கும். கண்ணாடியில் நீர்க்கோடுகள் விடுமாயின் பட்டையை மாற்றுதல் வேண்டும். உலர்ந்த கண்ணாடியில் அதனை இயக்கலாகாது. படிந்த மணல் கண்ணாடியைக் கீறிவிடும். மழைக்காலம் தொடங்குமுன் ஈரத்துணியால் பட்டையைத் துடைத்துப் பார்த்துக்கொள்வது, மலைச்சாலையில் செல்லும் ஒவ்வொருவரின் கடமையாகும்.