மருத்துவ முகாமும் கிராமசபையும்: குத்தம்பாக்கத்தை முன்வைத்து



அயோத்திதாசப் பண்டிதரின் நினைவில் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய பௌத்தத்தை எடுத்துக்கொள்வார்கள். அல்லது 'தமிழன்' இதழை, சாதியைத் தலைகீழாகப் புரட்டிப்போட்ட அவருடைய வரலாற்றெழுத்தை எடுத்துக்கொள்வார்கள். நான் அவருடைய தொழிலிலிருந்து தொடங்குகிறேன். பண்டிதர் சித்த வைத்தியர். அதுதான் அவருக்குச் சோறு போட்ட தொழில். தாம்பரத்திலுள்ள தேசிய சித்த நிறுவனத்தின் மருத்துவமனைக்கு இன்று அவருடைய பெயர்தான் இருக்கிறது. அங்கே மருந்து வாங்கிக்கொண்டு போகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்று தெரியும் என்பது வேறு விஷயம்.

நாடி பிடித்துப் பார்த்த அதே மனிதர்தான் 1898இல் இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907 ஜூன் 19இல் 'ஒரு பைசாத் தமிழன்' வாரப் பத்திரிகையையும் கொண்டுவந்தார். வைத்தியமும் சபையும் அவரிடத்தில் ஒன்றாக இருந்தன. வைத்தியரின் முன் தனியாக வந்து உட்காரும் நோயாளி, சபையில் பலரோடு சேர்ந்து உட்கார்ந்து கேள்வி கேட்கும் மனிதராகிறார். இன்று நம் காலனிகளில் நடக்கும் இலவச மருத்துவப் பரிசோதனை முகாம்களைப் பார்க்கும்போது எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது. முகாம் இருக்கிறது, சபை எங்கே போயிற்று?

நாடி பார்க்க வேண்டுமானால் முதலில் கையைத் தொட வேண்டும். சாதிச் சமூகத்தில் இது சின்ன விஷயமல்ல. 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன்வரலாற்றுக் குறிப்புகளில் அம்பேத்கர் 1929இல் வெளியான ஒரு கடிதத்தைச் சேர்த்திருக்கிறார். கத்தியவாரில் ஒரு தீண்டப்படாத பள்ளி ஆசிரியர் எழுதியது. பிள்ளை பெற்ற அவருடைய மனைவிக்கு உடம்பு மோசமாகிறது. மருத்துவர் சேரிக்குள் வர மறுக்கிறார். ஊர்ப் பெரியவர்கள் கட்டணத்துக்குப் பொறுப்பேற்ற பிறகு, நோயாளியைச் சேரிக்கு வெளியே கொண்டுவந்தால் பார்ப்பதாக ஒப்புக்கொள்கிறார். வெப்பமானியை அவர் ஒரு முஸ்லிமிடம் கொடுக்க, அவர் கணவரிடம் கொடுக்க, கணவர் மனைவிக்கு வைக்கிறார். திரும்புவதும் அதே வழியில்தான். நிமோனியா என்று சொல்லிவிட்டு மருத்துவர் போய்விட்டார். இரண்டு ரூபாய் கட்டணம் கொடுக்கப்பட்டது. அந்தப் பெண் பிழைக்கவில்லை. அந்த வெப்பமானி காய்ச்சலைச் சரியாகவே காட்டியது என்பதைக் கவனியுங்கள். பரிசோதனையில் குறையில்லை. நோயாளியிடம் ஒரு வார்த்தை கேட்கவோ, மறுபடி வந்து பார்க்கவோ எந்தக் கடமையும் மருத்துவருக்கு இருக்கவில்லை.

நம் பக்கத்துக்கு வருவோம். குத்தம்பாக்கம், பூந்தமல்லி, திருவள்ளூர் எல்லாம் பழைய செங்கல்பட்டு மாவட்டம். 1891இல் அந்த மாவட்ட ஆட்சியர் ட்ரெமென்ஹீர் பறையர்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். பஞ்சமி நிலத்தின் மூல ஆவணம் என்ற முறையில் நமக்கு அது தெரியும். 1892இல் வந்த அரசாணை 1010, 1994 அக்டோபரில் காரணையில் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்த ஜான் தாமஸ், ஏழுமலை என்று அந்தக் கதை நீள்கிறது. அதே அறிக்கையை உடல்நலத்தின் ஆவணமாகவும் படிக்கலாம். பசி, கந்தல் துணி, குடியிருக்கத் தகாத குடிசை, தொழுநோய் முதலான வியாதிகள் ஆகியவற்றை அவர் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்கிறார். நோய்க்கு அவர் கேட்ட மருந்துகளில் முக்கியமானது நிலம். மருந்துப் பெட்டியோடு வராத ஓர் அதிகாரிக்கு அது புரிந்திருந்தது. அந்தக் காலத்தில் பூந்தமல்லியில் வெள்ளைப் படைவீரர்கள் நோயிலிருந்து தேறுவதற்கென்றே ஒரு முகாம் இருந்தது. நல்ல காற்றும் தண்ணீரும் இருக்கும் இடமென்று அதைத் தேர்ந்திருப்பார்கள் போலும். அதே காற்றில்தான் சுற்றுவட்டாரச் சேரிகளும் இருந்தன.

அதற்கு எழுபது, எண்பது ஆண்டுகள் கழித்து இதே மண்ணில் உலகின் மிகப் பெரிய மருத்துவ ஆய்வுகளில் ஒன்று நடந்தது. இதை நம் மாணவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். காசநோய்க்கு எதிரான பிசிஜி தடுப்பூசி உண்மையில் வேலை செய்கிறதா என்பதைக் கண்டறிய 1968இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு திருவள்ளூரைச் சுற்றிய கிராமங்களில் ஆய்வைத் தொடங்கியது. பதிவு செய்யப்பட்டவர்கள் 3,66,625 பேர். ஊசி போட்டுக்கொண்டவர்கள் 2,81,161 பேர். அவர்களில் ஒரு பகுதியினருக்குப் போடப்பட்டது தடுப்பூசி அல்ல, மருந்தில்லாத ஒப்பீட்டு ஊசி. யாருக்கு எது என்று ஊசி போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை வீடு வீடாகக் கணக்கெடுப்பு, எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை என்று பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்தார்கள். 1979இல் முதல் முடிவு வந்தது: பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இந்தத் தடுப்பூசி இங்கே தடுக்கவில்லை. உலகமே அதிர்ந்தது. இன்றைக்கும் பிறந்த குழந்தைக்கு பிசிஜி போடுவது, மூளைக்குப் பரவும் காசநோய் போன்ற கடுமையான வடிவங்களிலிருந்து குழந்தைகளைக் காப்பதால்தான்.

அதை நான் குறைசொல்லவில்லை. விஞ்ஞானத்துக்கு அது நேர்மையான வேலை. எதிர்பார்த்ததற்கு மாறான முடிவை மறைக்காமல் வெளியிட்டார்கள். இதற்கு முன்பே, 1956இல் தொடங்கிய சென்னை காசநோய் மருத்துவ மையம், சானடோரியத்தில் படுக்காமல் வீட்டிலேயே மருந்து சாப்பிட்டாலும் காசநோய் குணமாகும் என்று நகரத்தின் ஏழை நோயாளிகளைக் கொண்டு நிரூபித்து, உலகின் மருத்துவ முறையையே மாற்றியது. ஆக இந்த வட்டாரத்தின் ஏழை உடம்புகள் உலகத்துக்குக் கொடுத்தது கொஞ்சமல்ல. ஆனால் அந்த வரலாற்றில் அவர்கள் எண்களாகவே வருகிறார்கள். மூன்றரை லட்சம் பேர் பங்கேற்ற ஒரு காரியத்தைப் பற்றி நம் இலக்கியத்தில் ஒரு நாவலாவது எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

பரிசோதனையையும் சபையையும் ஒன்றாகவே நடத்திக்காட்டியவர்கள் கடலுக்கு அப்பால் இருந்தார்கள். 1966இல் கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் தோன்றிய கருஞ்சிறுத்தைகள் கட்சியைத் துப்பாக்கியோடுதான் நமக்கு அறிமுகப்படுத்தியிருக்கிறார்கள். 1970இல் தன் கிளைகள் ஒவ்வொன்றும் இலவச மருத்துவமனை தொடங்க வேண்டும் என்று அக்கட்சி உத்தரவிட்டது. அடுத்த ஆண்டிலிருந்து, கறுப்பின மக்களை அதிகம் தாக்கிய, அரசாங்கம் ஏறெடுத்தும் பார்க்காத அரிவாள் செல் ரத்தசோகைக்கு இலவசப் பரிசோதனை நடத்தினார்கள். 1972 மார்ச்சில் ஓக்லாந்தில் மூன்று நாள் மாநாடு நடந்தது. அங்கே வந்தவர்களுக்கு மளிகைப் பை கிடைத்தது, விரல்நுனியில் ரத்தம் எடுத்துப் பரிசோதித்தார்கள், மேடையில் அரசியலும் பேசினார்கள். அந்த ஆண்டு மே மாதத்தில் அமெரிக்க அரசு அரிவாள் செல் நோய்க்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தது.

பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். பரிசோதனை மாநில அரசுகளின் கைக்குப் போனதும் சில இடங்களில் அது கட்டாயமானது. நோய் இல்லாமல் அதன் மரபுக்கூறை மட்டும் சுமந்தவர்களையும் நோயாளிகளாக நடத்தினார்கள். வேலையும் காப்பீடும் மறுக்கப்பட்டன. அமெரிக்க விமானப்படைக் கல்விக்கழகம் 1981 வரை அப்படிப்பட்டவர்களைச் சேர்க்கவில்லை. சோதனை ஒன்றேதான், முடிவுச் சீட்டு யார் கையில் இருக்கிறது என்பது மாறிவிட்டது. அதே 1972இல் மும்பையில் தலித் சிறுத்தைகள் உருவானார்கள். பெயரை எடுத்துக்கொண்டோம், கவிதையை வளர்த்தோம், தெருவில் நின்றோம். மருத்துவமனையை மட்டும் அவ்வளவாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது என் எண்ணம். மறுக்கிறவர்கள் மறுக்கலாம்.

இனி குத்தம்பாக்கம். இன்று அந்தப் பெயரைச் சொன்னால் பேருந்து நிலையம்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். நான் சொல்வது 1996. எழுபத்து மூன்றாவது திருத்தத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் நடந்த முதல் உள்ளாட்சித் தேர்தல். தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் பத்தாண்டுகள் தேர்தலையே நடத்தவிடவில்லை. மேலவளவில் தலைவராக வென்ற முருகேசனையும் அவரோடு ஐந்து பேரையும் 1997 ஜூன் 30இல் வெட்டிக் கொன்றார்கள். அந்தக் காலத்தில்தான் இளங்கோ குத்தம்பாக்கம் ஊராட்சித் தலைவரானார். அந்த ஊரின் தலித் குடும்பத்தில் பிறந்து, வேதிப் பொறியியல் படித்து, நல்ல வேலையை விட்டுவிட்டு வந்தவர். 2001இல் மறுபடி வென்று பத்தாண்டுகள் பொறுப்பில் இருந்தார்.

அவருடைய ஊரில் அன்று கள்ளச்சாராயம் பெரிய தொழில். குடியும், குடித்துவிட்டு வந்து பெண்களை அடிப்பதும் அன்றாடம். இதை ஒழுக்கப் பிரச்சினையாகப் பார்த்துப் பிரசங்கம் செய்யலாம். நோயாகப் பார்த்து முகாம் போடலாம். அங்கே வேலையாகவும் வருமானமாகவும் பார்த்தார்கள். எல்லாவற்றையும் கிராமசபைக்குக் கொண்டுவந்து பேசினார்கள். அடுத்து, கழிவுநீர்க் கால்வாய். மாநில மாநாடுகளில் நாம் கால்வாயைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் கொசுவும் வயிற்றுப்போக்கும் முதலில் வருவது சாக்கடை முட்டி நிற்கும் காலனிக்குத்தான். பக்கத்துக் கருங்கல் மெருகூட்டும் தொழிற்கூடங்களில் தூக்கிப் போடும் கழிவுக் கற்களைக் கொண்டு ஊராட்சியே குறைந்த செலவில் கால்வாய் கட்டியது. மதிப்பீட்டில் சொன்ன பொருளைப் பயன்படுத்தவில்லை என்ற அடிப்படையில் தலைவர் இடைநீக்கம் செய்யப்பட்டார். ஊர் மக்கள் கிராமசபையில் திரண்டு அவர் பக்கம் நின்றார்கள். இடைநீக்கம் விலக்கிக்கொள்ளப்பட்டது. எந்த மருத்துவ அறிக்கையிலும் இடம்பெறாத பொதுச் சுகாதார வரலாறு இது.

2000இல் அங்கே வந்த சமத்துவபுரத்தில் இரட்டை வீடுகள். ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் தலித் குடும்பம், அந்தப் பக்கம் வேறு சாதிக் குடும்பம். 1929இல் வெப்பமானி கைமாறிய கதையோடு அந்தப் பொதுச் சுவரை வைத்துப் பாருங்கள். ஒரு சுவர் சாதியை ஒழித்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டுக்குப் போகும் செவிலியர் 'இது ஊரா, காலனியா' என்று கேட்க முடியாது. பின்னாளில் சென்னை மாநகராட்சி தன் குப்பையைக் குத்தம்பாக்கத்து மேய்ச்சல் நிலத்தில் கொட்டிப் பதப்படுத்தத் திட்டமிட்டபோது, செம்பரம்பாக்கம் ஏரியும் கெடும் என்று சொல்லி அதே ஊர் எதிர்த்து நின்றது. பேசிப் பழகிய சபை இருந்ததால் அது எளிதாயிற்று என்றே நினைக்கிறேன்.

இப்போது நம் காலத்து முகாமுக்கு வருகிறேன். 1999இல் பூந்தமல்லியில் தொடங்கிய 'வருமுன் காப்போம்' திட்டத்துக்கு 2021இல் மறுபடி உயிர் கொடுத்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 5இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வீட்டுத் திண்ணையிலேயே பார்க்கப்படுகின்றன, மாத்திரை வீட்டுக்கு வருகிறது. இதன் மதிப்பைக் குறைத்துப் பேசுகிறவர்கள் நாள்கூலியை விட்டுவிட்டு மருத்துவமனை வரிசையில் நின்றதில்லை.

இருந்தாலும் நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். மேற்குப் புறநகரில் ஒரு காலனி. ஓர் அமைப்பு நடத்திய இலவச முகாம். பேனர் பெரிது. புகைப்படம் எடுத்து முடிந்ததும் முகாம் பாதி காலியாகிவிட்டது. ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மா, கட்டட வேலைக்குப் போகிறவர், கையில் சீட்டோடு என்னிடம் வந்தார். சர்க்கரை 280 என்று எழுதியிருந்தது.

"இது நல்லதாப்பா, கெட்டதா?"

"அதிகம்மா. டாக்டர் ஒண்ணும் சொல்லலையா?"

"அரிசியைக் குறைக்கணும்னாங்க. ரேஷன்ல அரிசிதானே போடறாங்க? வேற எதைத் திங்கறது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் சீட்டை மடித்து ரேஷன் அட்டைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். அது மருத்துவக் கேள்வி அல்ல, உணவுக் கொள்கையைப் பற்றிய கேள்வி. 2023இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். திருவள்ளூர் மாவட்டத்துக் காலனிப் பெண் அதைக் கேட்க வேண்டிய இடம் முகாம் மேசை இல்லை. அவரைப் போல அந்தத் தெருவில் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் மாத்திரையைப் பாதியில் விட்டார்கள், ஏன் விட்டார்கள் என்று அந்தத் தெருவுக்கே தெரியாது. கணக்கு மேலே போகிறது, கீழே திரும்புவதில்லை. செங்கல்பட்டு ஆய்வின் காலத்திலிருந்து இதுதான் பழக்கம்.

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களோடு இப்போது மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவற்றிலும் கிராமசபை கூடவேண்டும். ஆண்டுக்கு ஆறு. மார்ச் 22 தண்ணீர் நாள் என்பதால் குடிநீர்த் தொட்டியைப் பற்றிக் கேட்க அதைவிட நல்ல நாள் கிடையாது. வேங்கைவயலுக்குப் பிறகு அந்தக் கேள்வியை யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. முகாம் நடத்துகிற தோழர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். யாருடைய பெயரும் வெளியே வராமல், தெருவாரியாக எண்ணிக்கையை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள்: சர்க்கரை இத்தனை பேர், ரத்தசோகை இத்தனை பெண்கள், தொடர் இருமல் இத்தனை பேர். அடுத்த கிராமசபையில் கிராம சுகாதாரச் செவிலியரையும் ரேஷன் கடைப் பணியாளரையும் உட்காரவைத்து, அந்தத் தெருப் பெண் ஒருவரே அதை வாசிக்கட்டும். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் எழுதியதை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். படிக்காமல் கையெழுத்து வாங்குவது எல்லா ஊரிலும் நடக்கிறது.