தவறணையும் கூட்ட அறையும்

களனி ஆற்றைக் கடக்கும் துறையைப் போர்த்துக்கேயர் ‘பெரிய கடவை’ எனும் பொருளில் அழைத்ததால் பெயர்பெற்ற, கொழும்பின் கிராண்ட்பாஸில் மட்டுமன்றி இலங்கைத் தமிழ் வழங்கும் இடமெங்கும், கள்ளும் சாராயமும் விற்கும் உரிமக் கடை ‘தவறணை’ எனப்படுகிறது. அச்சொல்லும் ஐரோப்பியர் விட்டுச்சென்றதே. 1912ஆம் ஆண்டின் மதுவரிச் சீர்திருத்தம் கள்ளுத்தவறணைகளைத் தனியே பிரித்துப் பெருக்கியபோது, எஃப். ஆர். சேனநாயக்க, டீ. பி. ஜயதிலக்க போன்றோர் முன்னின்ற மதுவிலக்கு இயக்கம் வலுத்தது.

அவ்வியக்கத்தின் கண் பெரிதும் கடையின் மீதே இருந்தது. கடையை மூடினாலும் கை நடுங்கும் குடிநோயாளிக்கு அவ்வியக்கத்திடம் சபதத்தைத் தவிர அதிகம் இருக்கவில்லை எனலாம். அந்த இடைவெளியை நிரப்பும் வழி, 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும், இருவருமே குடியில் மூழ்கியவர்கள், சந்தித்துப் பேசியதிலிருந்து பிறந்தது. அவ்வாறு பிறந்த ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’, அதாவது பெயர் வெளியிடாத குடிநோயாளர் கூட்டமைப்பு, கட்டணமோ பதிவேடோ கேட்பதில்லை. குடியை விடும் விருப்பம் ஒன்றே அதன் நுழைவுச்சீட்டு. அதன் கூட்டத்தில் எழுந்து தன் முதற்பெயரை மட்டும் சொல்பவரை எவரும் இடைமறிப்பதில்லை. அடுத்துப் பேசுபவரும் அறிவுரை கூறாமல் தன் கதையையே சொல்கிறார்.